இரண்டு வீட்டுக் கணக்கு

இலக்கத் துண்டைக் கையில் தந்துவிட்டு வாசலில் நின்ற பிள்ளை அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டாள். தவமலர் சுவரோரமாக ஒரு கதிரையைப் பார்த்து உட்கார்ந்து, முதல் வேலையாகக் கைப்பையைத் திறந்து, அரசாங்கத்திலிருந்து வந்த கடிதம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது பார்த்தாள், பஸ்ஸில் ஏறியபின் பார்த்தாள், இறங்குவதற்கு முன்னும் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அது இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் பையை மூடிய கையோடு, அது விழுந்திருக்கலாம், சமையலறை மேசையில் இன்னும் கிடக்கலாம், தான் பார்த்தது போன மாதத்துக் கரண்ட் பில்லாக இருக்கலாம் என்று மனம் திரும்பவும் தொடங்கியது. எழுபத்திரண்டு வயதில் அவள் தனியாக ஒரு அரசாங்கக் கந்தோருக்கு வந்தது இதுதான் முதல் தடவை. நாற்பத்தெட்டு வருசமாகக் கந்தோர் என்றால் அது புருசன் அருளம்பலத்தின் வேலை. அவர் போவார், வரிசையில் நிற்பார், கையெழுத்து வைப்பார், திரும்பி வந்து மேல்சட்டையைக் கழற்றிக்கொண்டே "சரி, முடிஞ்சுது" என்பார், அதோடு அந்த விசயம் வீட்டுக்குள் செத்துவிடும். என்ன முடிந்தது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். சிட்னிக்கு வந்து பத்தொன்பது வருசம், கடைசி ஆறு வருசமாக இரண்டு பேருக்கும் பென்சன், பென்சனோடு சேர்த்து வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கென்று அரசாங்கம் கொடுக்கிற உதவிக்காசு, எல்லாம் இரண்டு கிழமைக்கு, அதாவது பதினாலு நாளுக்கு, ஒருமுறை வங்கியில் விழுந்தது. வாடகை வங்கியிலிருந்து போனது. மழை வருவதும் போவதும் போல அது நடந்துகொண்டிருந்தது. பதினொரு கிழமைக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டு நின்ற மனிசன் வாஷ் பேசினைப் பிடித்தபடி ஒரு பக்கமாகச் சரிந்தார். ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை. பிறகு அங்கிருந்து நேராக நர்சிங் ஹோம். வலது கையும் வலது காலும் இல்லை என்றே ஆகிவிட்டது. பேச்சு வந்தது, ஆனால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் ஒரு தேத்தண்ணி ஊற்றலாம்.

திரையில் ஒரு இலக்கம் மாறி, பெண்குரல் ஒன்று அதை வாசித்தது. அவளுடையது இல்லை. அவளுடையதற்கு இன்னும் பதினேழு பேர் இருந்தார்கள், அல்லது ஏழு பேர், எழுத்துகளும் இலக்கங்களும் கலந்து வருவதால் எத்தனை பேர் என்று கணக்குப் போட முடியவில்லை. கணக்கு. நேற்றிலிருந்து அவள் தலைக்குள் ஒரே ஒரு கணக்குத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. மேல்மாடியில் இருக்கிற குணநாயகம் மாஸ்டர் கடிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி இல்லை என்று அர்த்தம். "அவர் வீட்டிலை இல்லை எண்டு அறிஞ்சிட்டாங்கள். உங்கடை நிலைமையை வந்து சொல்லச் சொல்லி எழுதியிருக்கு, அதைப் பாத்துத்தான் வாடகை உதவியைத் திருப்பிக் கணக்குப் பாப்பினமாம். எனக்குத் தெரிஞ்ச அளவிலை அது இரண்டு பேருக்கு வாறது. ஒராள் இல்லையெண்டால் பாதி." பாதி. மாஸ்டர் நாற்பது வருசம் கணிதம் படிப்பித்தவர், அவர் பாதி என்றால் பாதிதான். ஆனால் வாடகை பாதியாகாதே. ஒரு அறையும் ஒரு ஹோலும் உள்ள யூனிட். அருளம்பலம் இல்லை என்பதற்காக ஏஜென்டுக்காரன் பாதி ஹோலைத் திருப்பி எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அவருடைய பென்சனில் பெரும்பகுதியை நர்சிங் ஹோம் எடுத்துக்கொண்டது, அது நியாயம், குளிக்க வார்க்கிறார்கள், சாப்பாடு ஊட்டுகிறார்கள். மிஞ்சியது அவளுடைய பென்சன். அதிலிருந்து முழு வாடகையும் போனால் சாப்பாட்டுக்கு எத்தனை நாள் மிஞ்சும். அவள் விரல்களை மடக்கினாள். கடலைப் பருப்பு வேண்டாம், மீன் கிழமைக்கு ஒருதரம் போதும், பிறகு அதுவும் வேண்டாம், மருந்துக்கு விடவேண்டும், போன் காசு விடவேண்டும். எந்தப் பக்கத்தால் தொடங்கினாலும் பத்தாம் நாளில் வந்து நின்றது. பதினான்கு நாளுக்குக் காணாது. நாலு நாள். நாலு நாளுக்காக ஒரு வீட்டை விடவேண்டி வருமா. பிறகு மடக்கின விரல்களை விரித்து, திரும்பவும் கடலைப் பருப்பில் இருந்து தொடங்கினாள்.

மாஸ்டர் சொன்னதை அவள் உடனே நம்பியதற்கு மாஸ்டர் மட்டும் காரணம் இல்லை. தலையை எண்ணித்தான் எதையும் தருவார்கள் என்பது அவளுடைய உடம்புக்குத் தெரியும். சண்டைக்குள் இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்த நாட்களில், நிவாரண அட்டை எழுத ஊர் அதிகாரி விதானையார் வந்தார். பாயைப் பார்த்து, தலையைப் பார்த்து, அட்டையைப் பார்த்தார். மகன் கஜேந்திரன் அப்போதுதான் கொழும்புக்குப் போயிருந்தான், பதினேழு வயது. "மகன் எங்கை?" என்று கேட்டபோது, கிணற்றடிக்குப் போயிருக்கிறான் என்று அவள் சொன்னாள். அரை மணித்தியாலம் கழித்து விதானையார் திரும்பி வந்து, "இன்னும் குளிக்கிறானோ?" என்று கேட்டு, அவளுடைய முகத்தைப் பாராமலே பேனையால் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டோடு மாவில் ஒரு பங்கு போனது, சீனியில் ஒரு பங்கு போனது, பருப்பில் ஒரு பங்கு போனது. அந்த மனிதரிலும் பிழை இல்லை, மண்டபத்தில் எத்தனையோ பேர் பசியோடு இருந்தார்கள். ஆனாலும் பெயருக்கு மேலே போன அந்தக் கோட்டின் சத்தம், பேனை முள்ளு கடதாசியில் உரசின சத்தம், இத்தனை வருசத்துக்குப் பிறகும் அவளுக்குக் கேட்கும். இப்போது திரை மாறுகிற ஒவ்வொரு தரமும் ஒரு டிங் சத்தம் வந்தது. உள்ளே யாரோ கம்பியூட்டரில் அருளம்பலம் என்ற பெயருக்கு மேலே கோடு இழுத்திருப்பார்கள். கம்பியூட்டரில் கோடு சத்தமில்லாமல் விழும்.

எதிரே ஒரு குழந்தை கதிரையின் இரும்புக் கையை நக்கிக்கொண்டிருந்தது. தாய் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, இங்கிலிஸில் வேண்டாம் என்று எப்படிச் சொன்னால் அந்தத் தாய்க்குக் கோபம் வராது என்று யோசித்து முடிப்பதற்குள் குழந்தை நக்குவதை விட்டுவிட்டது. கஜேந்திரன் பேர்த்திலிருந்து ஒவ்வொரு இரவும் எடுக்கிறான். "அம்மா, ஏன் தனிய கிடந்து சாகிறியள், இஞ்சை வாங்கோவன். அறை ஒண்டு சும்மாதானே கிடக்கு." மருமகளும் போனை வாங்கிச் சொன்னாள், "உண்மையாத்தான் மாமி கூப்பிடுறம்." உண்மையாகத்தான் கூப்பிடுகிறார்கள், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, அதுதான் கஷ்டம். கூப்பிடாத பிள்ளையென்றால் போகவேண்டிய கவலை இல்லை. ஆனால் பேர்த் எங்கே இருக்கிறது, சிட்னி எங்கே இருக்கிறது, பிளேனில் ஐந்து மணித்தியாலம். அருளம்பலத்தையும் அங்கே ஒரு இடத்துக்கு மாற்றலாம் என்றான் மகன், ஆனால் டொக்டர் இப்போது ஆளை அசைக்கவேண்டாம் என்கிறார், இப்போது என்பது எத்தனை மாதம் என்று அவரும் சொல்லவில்லை. வீட்டிலிருந்து நர்சிங் ஹோமுக்கு நடந்தால் பதினாலு நிமிசம். இரண்டு றோட்டுக் கடக்கவேண்டும், ஒன்றில் லைட் இருக்கிறது, மற்றதில் இல்லை. பத்தரைக்குப் போய்ப் பின்னேரம் நாலுக்குத் திரும்புவாள். அவர் சில நாள் ஒரு சொல்லும் பேசாமல் யன்னலைப் பார்த்தபடி இருப்பார், அவள் பக்கத்தில் இருந்து காய்கறிக் கடைத் துண்டுப் பிரசுரத்தை வாசிப்பாள், தக்காளி விலை கூடிப்போச்சு என்பாள். அவ்வளவுதான். அந்தப் பதினாலு நிமிசம் போய்விட்டால் அந்த மனிசனுக்கு இந்த ஊரில் தமிழில் ஒரு சொல் கேட்காது. தாதிமார் நல்ல பிள்ளைகள், ஆனால் அவர்கள் அவரை ஆரூ என்று கூப்பிடுகிறார்கள்.

கடிதத்தை வெளியே எடுத்தாள். இரண்டாம் பக்கத்தில் மாஸ்டர் பென்சிலால் கோடிட்டிருந்த இடத்தில் அந்தச் சொல் இருந்தது. செப்பரேற்றட். அவளுக்கு இங்கிலிஸ் அவ்வளவாக வாசிக்க வராது, ஆனால் இந்தச் சொல் தெரியும். ஊரவர்கள் மத்தியில் அதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள், இன்னாருடைய மகள் செப்பரேற்றட் என்று. இந்தக் கந்தோரில் வேலைசெய்கிறவர்கள் அருளம்பலத்தையும் அவளையும் அந்தச் சொல்லுக்குள் போடப்போகிறார்கள். அதில் அவள் கையெழுத்து வைக்கவேண்டி வரும். பிரிந்தவர்கள் என்று எழுதிக் கொடுத்தால் ஒருவேளை காசு கூடலாம், கொடுக்காவிட்டால் குறையலாம், அல்லது மறுவளமாக இருக்கலாம், மாஸ்டருக்கும் அது சரியாகத் தெரியவில்லை. ஆனால் பொய்ச் சத்தியம் அல்லவா. அவர்கள் பிரிந்திருந்ததே இரண்டு தரம்தான். கலியாணம் முடித்துப் பத்துப் பன்னிரண்டு வருசத்தில் ஒருதரம், அவர் அவளைக் கேளாமல் அவளுடைய தையல் மெசினைத் தன் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டார் என்று கோபித்துக்கொண்டு அவள் கஜேந்திரனையும் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள். பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் விடிய அவர் சைக்கிளில் வந்து வேலிப் படலையடியில் நின்றார். உள்ளே வரவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. சைக்கிள் கரியரில் தையல் மெசின் கட்டியிருந்தது. மற்றது அந்த இடப்பெயர்வு இரவு. முழு யாழ்ப்பாணமும் மழைக்குள் ஒரே றோட்டில் நடந்தது, நாவற்குழிப் பாலத்தடியில் சனம் நெருக்கியபோது அவருடைய சைக்கிள் முன்னுக்குப் போய்விட்டது, அவள் பின்னுக்கு நின்றுவிட்டாள். இரண்டு நாள். இரண்டு நாளும் அவள் கண்ட சைக்கிள் எல்லாவற்றையும் பார்த்தாள். மூன்றாம் நாள் பள்ளிக்கூட மண்டபத்து வாசலில் அவர் நின்று, "எங்கை போனனீ?" என்று ஏசினார், அவள்தான் வேண்டுமென்று எங்கோ போய்வந்த மாதிரி. ஏசிக்கொண்டே அவளுடைய தலையை எட்டித் தொட்டு மழைத்தண்ணியைத் துடைத்தார். அதுகளைப் பிரிவு என்று சொல்லலாம் என்றால் சொல்லலாம். இது எப்படிப் பிரிவு. நேற்றும் அவருக்கு நகம் வெட்டிவிட்டாள்.

அதற்கும் அடியில் இன்னொரு பயம் கிடந்தது. அதை அவள் மாஸ்டருக்கும் சொல்லவில்லை, மகனுக்கும் சொல்லவில்லை. வீட்டு நிலைமை மாறினால் இரண்டு கிழமைக்குள் அறிவிக்கவேண்டும் என்று ஒவ்வொரு கடிதத்தின் பின்பக்கத்திலும் போட்டிருப்பதாக மாஸ்டர் பேச்சுவாக்கில் சொன்னார். பதினொரு கிழமையாகிறது. அவள் அறிவிக்கவில்லை. எப்படி அறிவிப்பது, அவர் வந்துவிடுவார் என்றுதானே இருந்தாள். அவருடைய பல் துலக்கும் பிரஷ் அதே கிளாசில் இருக்கிறது. போய் அறிவித்தால் அவர் வரமாட்டார் என்று தானே எழுதிக் கொடுத்தது போல ஆகாதா. இப்போது அவர்கள் கேட்பார்கள், பதினொரு கிழமையும் இரண்டு பேர் என்று சொல்லி எடுத்த காசு எங்கே என்று. திருப்பிக் கட்டு என்பார்கள். கள்ளி என்று சொல்லமாட்டார்கள், இந்த ஊரில் அப்படிச் சொல்வதில்லை, சிரித்துக்கொண்டு ஒரு கடதாசி தருவார்கள். உள்ளங்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். கிணற்றடி என்று விதானையாரிடம் சொன்ன பொய்க்கும் இதற்கும் என்ன வித்தியாசம். ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லாத ஆளை இருக்கிறார் என்று சொன்னதுதான். ஆனால் இருக்கிறாரே. திரையில் அவளுடைய இலக்கம் வந்து எவ்வளவு நேரமோ தெரியாது, அந்தப் பெண்குரல் இரண்டாம் தரம் வாசிக்கும்போதுதான் அவள் துண்டைப் பார்த்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். சட்டையில் குத்தியிருந்த பெயர்த் தகட்டில் ரூத் என்று இருந்தது. தவமலர் பாடமாக்கி வந்திருந்த ஒரே இங்கிலிஸ் வசனத்தைச் சொன்னாள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று. ரூத் தலையாட்டிவிட்டுப் போனில் ஏதோ அழுத்தி மேசையின் நடுவில் வைத்தாள். கொஞ்ச நேரம் வாத்திய இசை. பிறகு அதற்குள்ளிருந்து ஒரு இளம் குரல், இந்தியத் தமிழ்.

"வணக்கம்மா. நான் மொழிபெயர்ப்பாளர். அவங்க சொல்றதை உங்களுக்கும், நீங்க சொல்றதை அவங்களுக்கும் அப்படியே சொல்லுவேன். நானா எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். நான் பேசுறது புரியுதாம்மா?"

"விளங்குது பிள்ளை."

ரூத் கேட்டாள், போன் அதைத் தமிழில் கேட்டது: கணவர் எங்கே இருக்கிறார், எப்போதிருந்து. இதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்லவேண்டும் என்று விடிய எழுந்ததிலிருந்து வசனம் சேர்த்து வைத்திருந்தாள். ஆனால் தமிழ்க் குரலைக் கேட்டதும் சேர்த்து வைத்தது எல்லாம் எங்கோ போய்விட்டது.

"பதினொரு கிழமையாச்சு. நான் அறிவிக்காமல் விட்டது பிழைதான். அவர் திரும்பி வந்திடுவார் எண்டு நினைச்சன். இனி வரமாட்டார் எண்டு போன கிழமைதான் டொக்டர் சொன்னவர். நான் களவெடுக்கிறதுக்கெண்டு செய்யேல்லை எண்டு சொல்லுங்கோ."

போன் அதை இங்கிலிஸில் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன்னுடைய குற்றம் இன்னொரு பாசையில் இவ்வளவு குறுகிப்போனது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ரூத் தட்டச்சுச் செய்தாள், நிறுத்தினாள், திரையைப் படித்தாள், திரும்பவும் தட்டினாள். பிறகு பேசினாள்.

"உங்க ரெண்டு பேரையும், நோயால பிரிந்த தம்பதின்னு பதிவு பண்ணப்போறாங்களாம்மா."

"நாங்கள் பிரியேல்லை," என்றாள் தவமலர்.

அவள் நினைத்ததைவிட அது உரக்க வந்துவிட்டது. பக்கத்து மேசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். போன் அந்த இரண்டு சொல்லையும் அப்படியே மொழிபெயர்த்தது. ரூத் கையைத் தட்டச்சுப் பலகையிலிருந்து எடுத்தாள். கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டு, போனைப் பாராமல் தவமலரின் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். நிறையப் பேசினாள். அவள் நிறுத்தியதும் போன் பேசியது.

"ஒரு நிமிஷம்மா. இதை நான் சரியாச் சொல்லணும்." இங்கிலிஸில் ரூத்திடம் ஏதோ கேட்டுத் தெளிந்துகொண்டு வந்தது குரல். "அவங்க சொல்றது இதுதான். உங்க கல்யாணத்தைப் பத்தி இங்க யாரும் எதுவும் கேக்கலை. நீங்க தம்பதிதான், அவங்க கம்ப்யூட்டர்லயும் அது மாறலை. நோய் வந்ததால ஒருத்தர் ஒரு இடத்துலயும் இன்னொருத்தர் இன்னொரு இடத்துலயும் இருக்க வேண்டியதாயிடுச்சு. முன்னாடி ஒரு வீட்டுச் செலவு, இப்ப ரெண்டு வீட்டுச் செலவு. அதனால பணத்தை மட்டும், ரெண்டு தனி ஆளுக்குப் போடுற மாதிரி போடுறாங்க. அந்த வார்த்தை பணத்துக்குத்தாம்மா. உங்களுக்கு இல்லை."

ரூத் திரையைத் திருப்பி ஒரு இடத்தை விரலால் காட்டினாள். அங்கே அவளுடைய பெயரும் அருளம்பலத்தின் பெயரும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. மேலே கோடு ஒன்றும் இல்லை.

"அப்ப வாடகைக் காசு பாதியாகாதோ?" என்று கேட்டாள் தவமலர்.

ரூத் ஒரு வெள்ளைக் கடதாசியை எடுத்து, ஒரு செங்கல்லை நிமிர்த்தி வைத்தது போல நீட்டாக ஒரு கட்டம் கீறினாள். அதன் நடுவே குறுக்காக ஒரு கோடு. போன் விளக்கியது. இந்தக் கட்டம் முழுவதும் நீங்கள் கட்டுகிற வாடகை. கோட்டுக்குக் கீழே உள்ள பகுதி உங்கள் பொறுப்பு, அதை அரசாங்கம் பார்க்காது. கோட்டுக்கு மேலே போகிற ஒவ்வொரு டொலருக்கும் முக்கால் டொலர் தரும். ஆனால் அதற்கும் ஒரு உச்சி உண்டு, உச்சியைத் தொட்டால் வாடகை எவ்வளவு கூடினாலும் அதற்கு மேலே தராது. சேர்ந்து இருக்கிற தம்பதிக்கு இந்தக் கோடு மேலே நிற்கும், இரண்டு பென்சன் வருகிறது என்பதால். தனியாக ஒரு வாடகையைச் சுமக்கிறவருக்குக் கோடு கீழே இறங்கும். ரூத் பழைய கோட்டுக்குக் கீழே புதிதாக ஒரு கோடு கீறி, இரண்டுக்கும் இடையில் பேனையால் நிழல் போட்டாள். வாடகை அதே வாடகை, ஆனால் கோட்டுக்கு மேலே நிற்கிற பகுதி கூடிவிட்டது. அவளுடைய வாடகைக்கு உச்சி வரை வரும். அந்த உச்சியும் முந்தியதைவிட ஒரு கொஞ்சம் உயரம். இதுவரை பாதி அவள் கணக்கிலும் பாதி அவர் கணக்கிலும் போனது, இனி முழுவதும் அவள் கணக்குக்கு வரும். பென்சனும் தனி ஆளுக்குரிய அளவுக்கு ஏறும்.

தவமலர் நிழல் போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் குறைந்தால் பங்கு குறையும் என்பது மாத்திரமே அவள் அறிந்த கணக்கு. ஆள் வீட்டில் இல்லாதபோது கோடு கீழே இறங்கி ஒருவரைத் தாங்கிக்கொள்ளும் என்று ஒரு கணக்கு உலகத்தில் இருக்கும் என்று யார் கண்டது.

"திருப்பிச் சொல்லச் சொல்லு பிள்ளை. அந்தக் கோடு எங்கை நிக்குது?"

ரூத் முகம் சுளிக்காமல் திருப்பிச் சொன்னாள். மூன்றாம் தரம் தவமலரே பேனையை வாங்கித் தொட்டுத் தொட்டுச் சொல்லிக் காட்டினாள், இது என்ரை, இதிலை முக்கால் உங்கடை, இது உச்சி. போனில் இருந்த பெண் அதை மொழிபெயர்த்தபோது குரலில் ஒரு சிரிப்பு வந்தது, ஆனால் அவள் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

"அந்தப் பதினொரு கிழமை?"

"நீங்க திருப்பிக் கட்ட வேண்டியது ஒண்ணும் இல்லைம்மா. பார்க்கப்போனா உங்களுக்குத்தான் குறைஞ்சிருக்கு. அதைப் பின்தேதியிட்டுத் தர முடியுமான்னு எழுதிக் கேக்குறாங்க. கிடைக்கும்னு இப்பவே உறுதி சொல்ல முடியாதுன்றாங்க. ஆனா புதுக் கணக்கு இன்னைலேருந்து நடக்கும்."

கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் அந்த இங்கிலிஸ் சொல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அதுவும் அவளைப் பார்த்தது. பணத்துக்குத்தான் என்று மனதுக்குள் ஒருதரம் சொல்லிவிட்டு, த-வில் தொடங்கித் தமிழிலேயே முழுப்பெயரும் எழுதினாள். கட்டம் கீறின கடதாசியைத் தரமுடியுமா என்று சைகையால் கேட்டாள். ரூத் மடித்துக் கொடுத்தாள்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்தாள், பஸ் வந்தது, ஏறினாள், யன்னலோரம் இடம் கிடைத்தது. மனம் பழக்கதோசத்தில் திரும்பவும் கடலைப் பருப்பில் தொடங்கியது, மீனுக்குப் போனது, மருந்துக்குப் போனது, பத்தாம் நாளில் நிற்கப்போகிறது என்று அவள் மூச்சைப் பிடித்தாள். அது நில்லாமல் பதினாலாம் நாளைத் தாண்டி அப்பால் போனது. நம்பாமல் இன்னொரு தரம் தொடங்கினாள். இன்னொரு தரமும் தாண்டியது. பல்லுப் பிடுங்கின இடத்துக்கு நாக்குப் போய்ப் போய் வருவது போல, நேற்றுப் பயம் இருந்த இடத்துக்கு எல்லாம் நினைவு போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தது. பேர்த்துக்குப் போகவேண்டி வருமோ, இல்லை. கடதாசி தருவார்களோ, இல்லை. கள்ளியோ, இல்லை. அப்போ எதை யோசிப்பது. யோசிக்க ஒன்றும் இல்லாமல் அவள் றோட்டைப் பார்த்தாள், ஒரு வீட்டு முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த கட்டில் விரிப்பு, ஒரு கடை வாசலில் தண்ணி தெளிக்கிற மனிசன், வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் ஒரு எலுமிச்சை. எலுமிச்சையில் இவ்வளவு காயா. இந்த வழியால் எத்தனை தரம் பஸ்ஸில் போயிருப்பாள். மாஸ்டருக்குச் சொல்லவேண்டும், பாதி இல்லை மாஸ்டர், நீங்கள் கோட்டை விட்டிட்டியள் என்று; அவர் கண்ணாடியைப் போடுவாரோ கழற்றுவாரோ. அந்தப் பிள்ளைக்கு நன்றி சொன்னேனா. ரூத்துக்குச் சொன்னது ஞாபகம் இருக்கிறது, போனில் இருந்த பிள்ளைக்குச் சொன்னது ஞாபகம் இல்லை. அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. இறங்கவேண்டிய இடம் வந்ததும் மணியை அழுத்தினாள்.

நர்சிங் ஹோமில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிகிற சமயம். அருளம்பலம் தள்ளுகதிரையில் யன்னலடியில் இருந்தார், முன்னால் தட்டு, மசித்த சாப்பாடு பாதி அப்படியே. இவ்வளவு பிந்தி அவள் ஒருநாளும் வந்ததில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவருடைய தாடையைத் துடைத்தாள்.

"கந்தோருக்குப் போட்டு வாறன். வாடகைக் காசு விசயமா."

அவருடைய இடது கண் சுருங்கியது. "ஆர்... கூட்டிக்கொண்டு... போனது?"

"ஒருத்தரும் இல்லை. நான்தான் போனனான்."

அவள் கடதாசியை எடுத்து அவருடைய மடியில் விரித்தாள். அவர் நில அளவைத் திணைக்களத்தில் முப்பது வருசம் வேலை செய்தவர், கட்டத்தையும் கோட்டையும் கண்டதும் தலை தானாகக் குனிந்தது. அவள் விளங்கப்படுத்தினாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர்தான் அவளுக்கு எதையும் விளங்கப்படுத்தியிருக்கிறார். இது மறுபக்கமாக நடப்பது இருவருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. முதலில் நின்ற கோடு இது, இப்ப இறங்கின கோடு இது, இதுக்கு மேலை போறதிலை முக்கால் தருவினம், இதுதான் உச்சி. அவர் இடது கைச் சுட்டுவிரலை அவள் சொல்லச் சொல்ல நகர்த்திக்கொண்டு வந்தார். நிழல் போட்ட இடத்தில் விரல் நின்றது.

"முக்கால்?"

"ஓம். முக்கால்."

"உச்சி வரைக்கும்... வருகுதோ?"

"வருகுது. முழுக்க என்ரை கணக்குக்கு வருமாம்."

அவர் விரலைக் கோட்டுக்குக் கீழே கொண்டுபோனார், திரும்ப மேலே கொண்டுவந்தார். தானே ஒருமுறை கணக்குப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. பின்னால் தாதி ஒருத்தி தட்டுகளை எடுத்து வண்டியில் அடுக்கும் சத்தம் கேட்டது. இந்த மனிசனுக்கு வெளி உலகம் மறந்துபோய்விட்டது, வாடகை, ஏஜென்ட், பேர்த், ஒன்றும் இவருக்குள் இப்போது இல்லை என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அதனால்தான் ஒன்றையும் சொல்லவில்லை. அவர் கடதாசியிலிருந்து கையை எடுத்தார். அது மெதுவாக நகர்ந்து வந்து அவளுடைய மணிக்கட்டின் மேல் கிடந்தது. பாரமாக இருந்தது.

"அப்ப நீ... அங்கையே இரு," என்றார். ஒரு மூச்சு விட்டார். "நான்... அதைத்தான்... கிடந்து யோசிச்சுக்கொண்டிருந்தனான்."

"எத்தினை நாளா?"

"வந்த... நாள் தொட்டு."

தனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. வந்தது பசி. விடிய ஒரு தேத்தண்ணி குடித்ததோடு சரி, அதற்குப் பிறகு வாயில் ஒன்றும் வைக்கவில்லை என்பது வயிறு இழுத்துச் சொன்னபோதுதான் தெரிந்தது. தட்டை எடுக்க வந்த தாதியைக் கையால் மறித்தாள். அவருடைய தட்டில் ஒரு ஓரமாக, தொடாமல், ஒரு கிண்ணத்தில் மஞ்சள் கஸ்ரட் இருந்தது.

"இது உங்களுக்கு வேணுமே?"

அவர் தலையாட்டினார், வேண்டாம் என்று.

அவள் கரண்டியைத் துடைத்து எடுத்து, மணிக்கட்டின் மேல் இருந்த கையை அப்படியே இருக்க விட்டுவிட்டு, மற்றக் கையால் அதைச் சாப்பிட்டாள். கொஞ்சம் ஆறிப்போயிருந்தது, இனிப்பும் கூடுதல். அடிவரைக்கும் வழித்துச் சாப்பிட்டாள்.